இருபத்துநான்கு வாரம் வரை

ஜூலை 6, சனி

கோமதிக்கு இன்றோடு பதினான்கு வாரம் முடிந்தது. இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எழுத வேண்டும் என்று இந்த நோட்டை அலமாரியில் மூடியே வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய ரெக்கார்டு நோட்டு. ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வெள்ளை.

குழந்தை என் தங்கை வயிற்றில் வளர்கிறது. பிறந்ததும் எனக்கு. கோமதிக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூத்தவள் நிவேதா எட்டாவது படிக்கிறாள், சின்னவள் சுபா நான்காவது. மூன்றாவது தங்கியிருப்பது அவளுக்குத் தெரியும்போதே ஒன்பது வாரம் ஆகிவிட்டது. ஜூன் முதல் தேதி எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறி கோவில்பட்டிக்கு வந்து, என் சமையலறையில் நின்றுகொண்டு, "கலைச்சிரலாம்னு இருக்கோம்க்கா. ரெண்டே போதும். நாளைக்கு டாக்டர்ட்ட போறேன், கூட வாரியா?" என்று கேட்டாள்.

நான் கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குக் குடுத்திருட்டி" என்றேன். அப்படிக் கேட்கலாம் என்ற நினைப்பு அதற்கு முந்தின நிமிடம்வரை எனக்கு இல்லை. அவள் மற்றக் கையால் அடுப்பை அணைத்தாள். பிறகு, "அத்தான் சம்மதிப்பாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சம்மதித்தார். கோமதியின் வீட்டுக்காரர் உலகநாதனும் சம்மதித்தார். குழந்தை பிறந்ததும் தத்துப் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்வதாகப் பேச்சு.

எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணமாகிப் பதினேழு வருடம். மூன்று தடவை தங்கியது. மூன்று தடவையும் பத்து வாரத்தைத் தாண்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். கரு வளர்ச்சியைக் கரும்பலகையில் படம் போட்டுப் பாகம் குறித்து வருடாவருடம் நடத்துகிறேன். ஆனால் பத்து வாரத்துக்கு அப்பால் உள்ளதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்ததுதான்.

பதினான்காவது வாரம்: எட்டரை சென்டிமீட்டர். பெரிய எலுமிச்சம்பழம் அளவு. முகத்தசைகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. முகம் சுளிக்கத் தெரியும்.

எனக்கு வயிறு வளரப்போவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஜூலை 10, புதன்

எட்டு நாளைக்கு அப்புறம் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். கோமதி போன் செய்தாள். வாந்தி நின்றுவிட்டதாம்.

ஜூலை 20, சனி

பதினாறு வாரம். எட்டயபுரம் போனேன். கடலைமிட்டாய் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதோடு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கொண்டைக்கடலை. எந்த வேளைக்கு எது என்று ஒரு தாளில் எழுதி அவள் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.

நான் போனபோது தையல் மிஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். "கால்ல மிதிக்காதட்டி, மோட்டார் போட்டுத் தாரேன்" என்றேன்.

"நிவேதாவுக்கும் சுபாவுக்கும் ஒம்பது மாசமும் மிதிச்சேன்க்கா. என்ன ஆயிப்போச்சு?"

"அது வேற. இது..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

உலகநாதன் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். "கவலப்படாதீங்க மைனி. ஒங்க பிள்ளைய ஒரு தூசி படாமப் பாத்துக்கிடுதோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கோமதி ரசம் எடுக்க உள்ளே போனாள்.

பன்னிரண்டு சென்டிமீட்டர். மூடிய இமைக்குள் கண் அசையும். இதயம் நாளொன்றுக்கு இருபது லிட்டருக்கு மேல் இரத்தத்தை இறைக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டு வாரம். வாசலிலேயே சுபா ஓடிவந்து, "பெரியம்மா, பாப்பா அசையுதுல்லா! திங்கக்கிழமையே அசஞ்சிருச்சு!" என்றாள்.

திங்கட்கிழமைக்குப் பிறகு கோமதி என்னிடம் நான்கு தடவை போனில் பேசியிருக்கிறாள். தையல் வேலை, பிள்ளைகள், வெயில் என்று எல்லாம் சொன்னாள். இது மறந்துபோயிருக்கும். வேலை மும்முரத்தில் யாருக்கும் மறக்கும்.

"எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள மீன் தட்டிட்டுப் போற மாதிரி. நீயே பாரு." என் கையை எடுத்து அடிவயிற்றில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே தெரிய இன்னும் சில வாரம் ஆகும். "இப்ப... இப்பக்கூட" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு மட்டும் கேட்கிற ஏதோ ஒன்றைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்து வைத்திருந்தாள்.

காது இந்த வாரத்தில் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. சீக்கிரம் கேட்கத் தொடங்கும் என்று அவளிடம் சொன்னேன். அதனால் வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து பேசலாம் என்று நினைத்தேன். "நான்தான்..." என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

என் வீட்டுக்காரர் பின்பக்க அறையிலிருந்த பழைய பேப்பரையும் உடைந்த நாற்காலியையும் எடுத்துப்போட்டுவிட்டுத் தானே வெள்ளையடித்தார். கூட்டுறவுச் சங்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர். இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டேன். "ஆணோ பெண்ணோ, ஒங்க அம்மா பேரோ எங்க அம்மா பேரோ வேண்டாம். புதுசா ஒரு பேரு வைப்போம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் இப்படி ஆவலாகப் பேசிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 17, சனி

இருபது வாரம். உறுப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். கோமதி வந்திருந்தாள். உலகநாதன் திருச்சிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போக அனுமதி கேட்டேன். ஸ்கேன் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். "நீங்க யாரு?" என்றார். "அக்கா" என்றேன்.

திரையில் முதுகெலும்பு தெரிந்தது, கோத்த மல்லிகைச் சரம் மாதிரி. இதயத்தின் நான்கு அறைகளையும் நானே எண்ணினேன். இரண்டு சிறுநீரகம். தொடை எலும்பை அளந்தார். விரல்களை எண்ணினார். பிறகு முகத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் ஜூஸ் குடிச்சிட்டு நடந்துட்டு வாங்கம்மா. குழந்தை திரும்பட்டும்."

இருபது நிமிடம் நடந்தோம். திரும்பவும் படுத்தாள். திரும்பவும் பார்த்தார். பிறகு துணியைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "மேல் உதடு இடது பக்கம் சேரலம்மா. பிளவு இருக்கு. உள்ள அண்ணத்திலயும் இருக்கலாம், பிறந்தப்புறம்தான் உறுதியாத் தெரியும். மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றார்.

நான், "நிச்சயமாத் தெரியுதா? தப்பா இருக்க வாய்ப்பு உண்டா?" என்று கேட்டேன்.

கோமதி, "பால் குடிக்குமா டாக்டர்?" என்று கேட்டாள்.

அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம், மூன்றாம் மாதம் உதட்டுக்கு, ஒரு வயதையொட்டி அண்ணத்துக்கு, அதுவரை பால் கொடுக்கத் தனி முறை இருக்கிறது என்றார். கோமதி அழ ஆரம்பித்தாள். "நான் முதல்ல வேண்டாம்னு நெனச்சு எள்ளும் பப்பாளியும் தின்னேன். அதனாலயா?" அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். கோமதி நம்பினதாகத் தெரியவில்லை.

வெளியே வந்து ரிப்போர்ட்டை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

எடை முந்நூற்று இருபது கிராம். வாரத்துக்கு ஏற்ற எடை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாவு அரைத்தேன். பீரோ தட்டுகளைத் துடைத்துப் புதிதாகப் பேப்பர் விரித்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

இன்று வகுப்பில் கரு வளர்ச்சிப் பாடம். நானே தள்ளிப் போட்டிருக்கலாம். போடவில்லை. முகம் எப்படி உருவாகிறது என்று படம் போட்டேன். இரு பக்கங்களிலிருந்தும் சிறு மேடுகள் வளர்ந்து நடுவில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மேலுதட்டுக்கு நடுவே நம் எல்லோருக்கும் இருக்கிற பள்ளம் அந்த இடத்தில்தான். ஒரு பெண் எழுந்து, "ஒட்டலைன்னா டீச்சர்?" என்று கேட்டாள். ஒட்டவில்லையென்றால் பிளவாக நின்றுவிடும், தைத்துவிடலாம் என்று சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது.

அது நடப்பது எட்டு, ஒன்பதாம் வாரங்களில். அந்த நாட்களில்தான் கோமதி என் சமையலறையில் வந்து நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தபோதே இந்த உதடு இப்படித்தான் இருந்திருக்கிறது. நான் கேட்டு வாங்கியது இந்தக் குழந்தையைத்தான்.

ஆகஸ்ட் 24, சனி

இருபத்தொரு வாரம். எட்டயபுரம் போகவில்லை. மழை வரும்போல் இருந்தது.

காலையில் அவர் காப்பியைக் குடிக்காமல் ஆறவைத்துவிட்டு, "நம்மளால முடியாது செண்பகம்" என்றார். ஏன் என்றேன். "முடியாதுன்னா முடியாது." பிறகு இன்னொன்றும் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மழை வரவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பள்ளி விட்டதும் டாக்டரம்மாவிடம் ஒரு விவரம் கேட்கப் போனேன். சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோமதி கேட்டாங்களா?" என்றார். இல்லை, பொதுவாகத் தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

திரும்பும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். எல்லாம் புழுவாக இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

கோமதியுடன் போனில் பேசினேன். பத்து நிமிடம் இருக்கும்.

ஆகஸ்ட் 31, சனி

இருபத்திரண்டு வாரம். புருவம் முளைத்திருக்கும். தலையில் முடி. உடம்பு முழுக்கப் பூனைமயிர். தூக்கமும் விழிப்பும் முறையாக வரத் தொடங்கியிருக்கும். நானூற்று முப்பது கிராம்.

வகுப்புத் தேர்வுத் தாள்கள் நிறைய இருந்ததால் இந்த வாரமும் போகவில்லை. கோமதிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

எடுக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

நிவேதாதான் எடுத்தாள். "அம்மா தச்சிக்கிட்டு இருக்காங்க பெரியம்மா. அப்புறம் பேசுவாங்களாம்." பின்னால் மிஷின் சத்தம் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று விடியும்போதே அவர் பின்பக்க அறையில் போய்த் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசல் தெளித்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"எனக்குக் கீழ ஒரு தம்பி இருந்தான். ஒனக்குத் தெரியாது. அவனுக்கும் இப்படித்தான்."

பதினேழு வருடத்தில் அவரோ, என் மாமியாரோ, யாரும் இதைச் சொன்னதில்லை.

"எனக்கு ஆறு வயசு. அம்மா மார்ல வச்சா அவனால உறிஞ்ச முடியாது. பாலாடையில ஊத்துனா மூக்கு வழியா வந்துரும். அழுதுக்கிட்டே இருப்பான். அழக்கூடச் சரியா வராது அவனுக்கு. பாக்க வாரவுக எல்லாரும் துணிய விலக்கிப் பாத்துட்டு உச்சுக்கொட்டிட்டுப் போவாக. நாப்பதாவது நாளு போயிட்டான். பசியில போயிட்டான் செண்பகம். வீடு நெறையப் பாலு இருந்துச்சு." பிறகு, "பேரு வைக்கல" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போது அப்படி இல்லை, தனிப் புட்டி இருக்கிறது, கரண்டி இருக்கிறது, சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள், மூன்று மாதத்தில் தைத்துவிடுகிறார்கள் என்று ஸ்கேன் டாக்டர் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் சின்னப் பிள்ளைபோல் திருப்பிக் கேட்டார். "தொண்டையில சிக்காதா?" "மூக்குல வராதா?" "நிச்சயமாவா?"

ஒன்பது மணிக்கு இருவரும் வேலைக்குப் போனோம்.

செப்டம்பர் 13, வெள்ளி

அவர் லீவு போட்டுத் திருநெல்வேலி போய், இதற்கென்றே வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்தார். அங்கே அறுவை செய்த பிள்ளைகளின் படங்களைக் காட்டினார்களாம். முன்னால் எடுத்தது, பின்னால் எடுத்தது. "உத்துப் பாத்தாத்தான் தெரியுது. ஒரு பய சிரிக்கான் செண்பகம், வாயெல்லாம் பல்லு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாம வளப்போம். நாளைக்கே போய்ச் சொல்லிருவோம்."

செப்டம்பர் 14, சனி

இருபத்துநான்கு வாரம் முடிந்தது.

அவரும் நானும் ஸ்கூட்டரில் போனோம். கோமதி மிஷினுக்கு முன்னால் இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான்கு வாரத்தில் வயிறு நன்றாகத் தெரிந்தது. உலகநாதன் எழுந்து, "வாங்க அண்ணாச்சி, வாங்க மைனி" என்று நாற்காலி போட்டார். சிரிக்கவில்லை. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினார்.

என் வீட்டுக்காரர்தான் பேசினார். திருநெல்வேலியில் கேட்டதையெல்லாம் சொன்னார். "பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்மா. என்ன செலவானாலும், எத்தன ஆபரேஷன் ஆனாலும். எனக்கு ஒரு பயம் இருந்துச்சு. இப்ப இல்ல" என்றார்.

கோமதி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், "ரொம்ப சந்தோசம் அத்தான். ஆனா நான் குடுக்கல" என்றாள்.

"கோமதி..." என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். "இன்னையோட இருவத்துநாலு வாரம் முடிஞ்சுதுக்கா. இனிமே யாரும் வந்து ஒண்ணும் கேக்க முடியாது. அதுக்குத்தான் ஒன் போனை எடுக்காம இருந்தேன்."

"நான் ஒண்ணும் அப்படிச் சொல்லலியே. சட்டம் என்னன்னு மட்டும்..."

"சட்டம் என்னன்னு நான் கேட்டேனாக்கா ஒன்கிட்ட?"

உலகநாதன், "விடு கோமதி" என்றார். அவள் விடவில்லை. குரல் உயரவும் இல்லை. "நீ போன்ல பேசும்போது உள்ள கெடந்து உதைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். கையில சட்ட தச்சுக்கிட்டு இருந்தேன்லா, அதான். காது கேக்கும்னு நீதான சொன்ன? நீ சொன்னதக் கேட்டிருக்கும்னு நெனச்சு அன்னைக்குப் பூரா வயித்தத் தடவிக்கிட்டே இருந்தேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் போன் செய்தது அவருக்குத் தெரியாது.

காப்பி கொடுத்தார்கள். குடித்தோம். கிளம்பும்போது சுபா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, பாப்பா எங்க வீட்லயே இருக்கப் போவுதாம்!" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24 அன்று அவர் சொன்னது: "எத்தன வாரம் வரைக்கும் கலைக்க விடுவாங்கன்னு விசாரிச்சு வை."

27 அன்று டாக்டரம்மா சொன்னது: இந்த மாதிரிக் குறைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், குழந்தை நன்றாக வாழும். அம்மா விரும்பினால், சட்டத்தில் சிலருக்கு இருபத்துநான்கு வாரம் வரை இடம் உண்டு, இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

29 அன்று நான் கோமதியிடம் சொன்னது: "பிறந்து கஷ்டப்படுறதுக்கு இப்பவே யோசிக்கலாம்ட்டி. அவுகளுக்கு மனசு ஒப்பல. இருவத்துநாலு வாரம் வரைக்கும் நேரம் இருக்காம். நீயும் முதல்ல வேண்டாம்னுதான இருந்த?"

இதுதான். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டாக்டர் சொன்ன முதல் வாக்கியத்தை அவளிடம் நான் சொல்லவில்லை.

பழியை அவர்மேல் போட்டுத்தான் பேசினேன். அவர் கேட்கச் சொன்னது டாக்டரிடம். கோமதியிடம் போன் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஸ்கேன் அறையில் அந்தப் பெண் 'பிளவு' என்று சொன்ன நிமிடமே என் மனது ஓர் அடி பின்னால் போய்விட்டது. அதுவரை என் குழந்தை என் குழந்தை என்று நாளுக்கு நூறு தடவை நினைத்தவள், அன்றைக்கு வீடு வந்து சேரும்போது 'கோமதியின் குழந்தைக்கு இப்படி' என்று நினைத்தேன். அவர் தன் தம்பியை நினைத்துப் பயந்தார். நான் எதை நினைத்துப் பயந்தேன்? ஊர் துணியை விலக்கிப் பார்த்து உச்சுக்கொட்டும் என்றுதான்.

என் மூன்று கருவும் கலைந்தபோது ஒவ்வொரு தடவையும் கோமதிதான் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 21, சனி

இருபத்தைந்து வாரம். காலாண்டுத் தேர்வு நடக்கிறது. தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் வாங்கினோம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அவர் மட்டும் எட்டயபுரம் போயிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். திரும்பி வந்து, "மன்னிப்புக் கேட்டேன். நீதான் சொன்னன்னு அவ நெனக்கக் கூடாதுன்னு, என் மேல தப்புன்னேன்" என்றார்.

"என்ன சொன்னா?"

"ரெண்டு பேரு மேலயும் கோவம் இல்ல அத்தான்னா. சாப்பிடச் சொன்னா. தோசை சுட்டுப் போட்டா."

பிறகு, "அவ நம்பல. ஒன் குரல்தான அவளுக்குக் கேட்டுச்சு" என்றார். கண்டிக்கிற தொனியில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 28, சனி

இருபத்தாறு வாரம். இமைகள் இனிப் பிரியும், கண்ணைத் திறந்து மூடும். நுரையீரல் காற்றுக்குப் பதிலாகத் திரவத்தை இழுத்து விட்டுப் பழகுகிறது. விக்கல் எடுக்கும். இருக்கிற குரல்களில் தாயின் குரலைத் தனியாக அடையாளம் கண்டுகொள்ளப் பழகும்.

காலாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. செய்ய ஒன்றும் இல்லை. பாத்திர அலமாரியைக் கழுவினேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

காலை பதினொரு மணிக்குக் கோமதி போன் செய்தாள். முப்பத்துமூன்று நாள் கழித்து அவளாகச் செய்த போன்.

"சனிக்கிழம திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காக. அத்தான் சொன்ன எடம்தான். பிறந்ததும் எப்படிப் பால் குடுக்கணும்னு முன்னாடியே சொல்லித் தாராகளாம். இவுகளுக்கு லோடு இருக்கு. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குக்கா."

"நான் வாரேன்" என்றேன்.

"ம்" என்றாள்.

அக்டோபர் 5, சனி

இருபத்தேழு வாரம்.

எட்டயபுரம் வரை போய் அவளைக் கூட்டிக்கொண்டு, கோவில்பட்டி வந்து, திருநெல்வேலி பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அவளை உட்கார வைத்தேன். கயத்தாறு தாண்டியது. அப்புறம் அவளே, "தூங்குதுக்கா. பஸ் ஓடுனா தூங்கிரும்" என்றாள். "நிறுத்துனா முழிச்சிரும்." நான் கையை நீட்டவில்லை. அவளும் எடுத்து வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கூடம். எங்களைப்போல் ஆறேழு பேர். சிலர் கையில் பிறந்த குழந்தை. அப்படி ஒரு குழந்தையை முதன்முதலாக நேரில் பார்த்தேன். உதடு பிரிந்து மூக்குவரை போயிருந்தது. அதன் அம்மா மடியில் போட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அது கண்ணை உருட்டி அவளைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கும்போது அந்தப் பிளவும் சேர்ந்து அகன்றது. அகலமான சிரிப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இதற்காகவா அந்தப் போன், என்று நினைத்தேன். இதைப் பார்க்காமலேயா.

ஒரு நர்ஸ் துணிப் பொம்மையோடு வந்தார். வயதானவர், நல்ல உரத்த குரல். குழந்தையைப் படுக்க வைத்துக் கொடுக்கக் கூடாது, தலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், புட்டியை அழுத்தி அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே ஏப்பம் எடுக்க வைத்து, என்று செய்து காட்டினார். பிறகு பொம்மையை நீட்டி, "அம்மா யாரு? இப்படி வாங்க, செஞ்சு பாருங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழவில்லை. ஜூன் மாதத்திலிருந்து உடம்பு அதற்குப் பழகியிருந்தது. கூடமே பார்த்தது. மாசமாக இருக்கிறவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நரைமுடி தெரிகிற ஒருத்தி எழுந்து நிற்கிறாள். நர்ஸ் என் வயிற்றைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார். எனக்கு உட்காரவும் தெரியவில்லை.

கோமதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெள்ள எழுந்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பொம்மையை வாங்கிக்கொண்டாள். தலையை நிமிர்த்திப் பிடித்தாள். புட்டியைச் சரியாக வைத்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள், ஒரே தடவையில் வந்துவிட்டது. "நல்லா செய்றீங்களே" என்றார் நர்ஸ்.

செய்து முடித்துப் பொம்மையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நின்றாள். "எங்க அக்காவுக்கும் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்றாள். "நான் தனியா மூணையும் சமாளிக்க முடியாது. முதல் மூணு மாசம் அவ வந்து கூட இருப்பா."

அதை என்னிடம் அவள் கேட்டிருக்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பொம்மையை என் கையில் வைத்தாள். அது எடையே இல்லாமல் இருந்தது. நர்ஸ் என் முழங்கையைப் பிடித்துச் சரிசெய்தார். "இன்னும் கொஞ்சம் நிமித்துங்க. ஆங், அப்படித்தான். அவசரப்படாதீங்க. குழந்தை முழுங்குற வரைக்கும் காத்திருங்க."

பெயர் பதியும் இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயின் பெயருக்கு நேராகக் கோமதி தன் பெயரை எழுதினாள். உடன் இருந்து கவனிப்பவர் என்ற வரிக்கு வந்ததும் பேனாவை என்னிடம் தந்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் குழாய்ப்பக்கம் போனாள்.

செண்பகவல்லி என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் 'குழந்தைக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ, "சீக்கிரம் எழுதுங்கக்கா" என்றார்கள்.

பெரியம்மா என்று எழுதினேன்.